அடுப்புக்கு இட்ட பொட்டு

திருகு இல்லாத எந்தச் சாமானையும் எனக்குப் பிடிக்காது. இதைக் கடையில் வைத்தே சொன்னேன். என் மகன் அபிலாஷ் கேட்கவில்லை. “அம்மா, இப்ப எல்லாரும் இதாக்கும் வாங்குதாங்க” என்றான்.

கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று. அதுதான் அடுப்பாம். தீ கிடையாது, திருகு கிடையாது, கரண்டில் ஓடும். அணைந்திருக்கும்போது குனிந்தால் முகம் தெரியும். சுவிட்சைப் போட்டால் ஓரத்தில் சில சிவப்பு அடையாளங்கள் மின்னும். அவற்றை விரலால் தொட வேண்டும். ஈர விரல் என்றால் பிணங்கும். அடுக்களையில் நிற்பவள் விரல் எப்போது உலர்ந்திருக்கும் என்று இதைச் செய்தவன் தன் வீட்டிலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வெண்கல உருளியை அது பாத்திரம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கென்று அடி தட்டையான பாத்திரங்களும் வாங்க வேண்டியதாயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

பிறகு ஏன் வாங்கினேன்? கிருஷ்ணம்மாவுக்காக. அவள் என் மருமகள் ஜிஜியின் அம்மா, பாறசாலைக்காரி. கல்யாணம் பேச எங்கள் திருப்புறம் வீட்டுக்கு வந்தபோது அடுக்களை வாசலில் நின்று என் பழைய கேஸ் அடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். “ஜிஜிக்கு இதில எல்லாம் பழக்கம் இல்ல, கேட்டியளா?” என்றாள். அந்தச் சொல் மீன்முள்ளாக என் தொண்டையில் நின்றுவிட்டது. விரலுக்குத் தக்க வீக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற நான், மறுமாதமே கடைக்குப் போனேன். கண்ணாடி அடுப்பைப் பதிக்க மேடையை வெட்டினோம். பழைய அடுப்பைப் பக்கத்து வீட்டு ஆலீஸிடம் கொடுத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்தபின் பெண்வீட்டார் கூட்டமாக வந்து மகள் புகுந்த அடுக்களையைப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடுக்களை காணல் என்போம். சாப்பாட்டை இப்போதெல்லாம் கேட்டரிங்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். ஆனால் எங்கள் குடும்பத்தில் பாயசத்தை மட்டும் புதுப்பெண்தான் வைக்க வேண்டும், அவளுடைய ஆட்கள் பார்த்து நிற்க. பால் பொங்கினால் எல்லோருக்கும் நிம்மதி. பொங்காவிட்டால் அந்தப் பேச்சு களியிக்காவிளை எல்லை தாண்டிப் போகும், பெண் கிழவியாகும்வரை அவள் பின்னாலேயே நடக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் மோகனன் விடியற்காலையிலேயே கோவிலுக்குப் போய்வந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. பிரிட்ஜுக்கு வைத்தார், இன்வெர்ட்டருக்கு வைத்தார், ஒருமுறை அபிலாஷின் புது மொபைல் கேமராவுக்கே வைத்துவிட்டு ஒரு வாரம் திட்டு வாங்கினார். அன்று கோவிலில் வாழையிலைத் துண்டில் தந்த சந்தனத்தை நன்றாகக் குழைத்து, கண்ணாடி அடுப்பின் நெற்றியில் கட்டியாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டார். எனக்கும் மனசு நிறைந்தது. கறுப்புக்கு அந்த மஞ்சள் என்ன எடுப்பாக இருந்தது!

ஜிஜி பால் வைக்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டேன். அடுப்பு கூவென்று ஒரு நீளக் கூவல் கூவியது. சிவப்பு விளக்குகள் கண்சிமிட்டி அணைந்தன. திரும்பப் போட்டேன், திரும்பக் கூவியது. நேற்று வரை ஒழுங்காக வெந்நீர் வைத்த அடுப்பு அது.

அபிலாஷ் கம்பெனிக்குப் போன் போட்டான். முதலில் பாட்டு. பிறகு மலையாளத்துக்கு ஒன்றை அமுக்கு, ஹிந்திக்கு இரண்டை அமுக்கு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். “லாக் ஆயதாணு சேட்டா. தாக்கோலின்றெ படத்தில் விரல் வெச்சு அமர்த்திப் பிடிக்கூ” என்றாள்.

“சாவிப் படமே இதில காணல்லியே!” என்று அபிலாஷ் கண்ணாடி முழுவதும் தடவினான். குருடன் பஸ்ஸைத் தடவுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் நாளைக்கு ஆளை அனுப்புவதாகச் சொன்னாள். நான் போனைப் பிடுங்கினேன்.

“மோளே, எனக்க சம்பந்தக்காரி இன்னைக்காக்கும் வாறா. நாளைக்கு ஆளை அனுப்பி நான் யாருக்குப் பாயசம் வைக்க? ஒரு திருகு வெச்சா உங்களுக்கு என்ன குறஞ்சு போச்சு?”

அவள் பாவம், என் மதிப்புள்ள அழைப்புக்கு நன்றி சொன்னாள்.

ஆலீஸ் வீட்டுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. பொழியூரில் ஞானஸ்நானம், குடும்பத்தோடு போய்விட்டார்கள். வேறு வீட்டில் போய் அடுப்புக் கேட்கலாம். ஆனால் அந்தத் தெருவில் பாதிப்பேர் கிருஷ்ணம்மாவுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். திரும்பி வந்தபோது பெண்வீட்டு வண்டியிலிருந்து அபிலாஷுக்கு அவன் மச்சான் போனில் சொல்லிக்கொண்டிருந்தான், உதியன்குளங்கரை வந்தாச்சு என்று.

ஜிஜி பால் பாத்திரத்தைப் பிடித்தபடி மேடையோரம் நின்றாள். கசவுப் புடவை, தலையில் பூ, முகத்தில் மட்டும் ரத்தமில்லை. அவளைப் பார்த்ததும் என் கோபம் போய்ப் பயம் வந்தது. வெட்கம் எனக்கென்றால் கழுவிவிடுவேன். ஒரு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவள் என்று பெற்ற தாயே சொல்லிச் சிரித்தால், இந்தப் பிள்ளை எங்கே போய்க் கழுவும்?

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “மாமா, பொட்டு வெச்ச பொறவாக்குமோ இது இப்பிடி ஆச்சு?”

நாங்கள் எல்லோரும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அபிலாஷின் விரல்கூடக் கண்ணாடி முழுவதும் ஓடியது, பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. நல்ல நாளில் கோவில் சந்தனத்தைத் துடைப்பது எரிகிற விளக்கை ஊதுவது மாதிரி. எங்கள் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

“சாவி பொட்டுக்க அடியில உண்டு மாமி. ஆரோ விரல் வெச்சு அமுக்கிட்டே நிக்கிறதா அது நினைக்குது” என்றாள் ஜிஜி.

அபிலாஷ் உடனே கரித்துணியை எடுத்தான். “எலே, துணி போடாத!” என்றார் மோகனன். நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கையாலேயே மருமகளின் நாளைக் கெடுத்துவிட்டோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. துடைக்காமல் விடவும் வழியில்லை, துடை என்று சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை.

ஜிஜி புருஷன் கையைத் தள்ளிவிட்டாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குனிந்து, மோதிர விரலால் அந்தப் பொட்டை மொத்தமாக வழித்தெடுத்து, தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். விரலில் மிஞ்சியதைக் கழுத்தில் தடவினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள்.

“பிரசாதம் ஒண்ணும் வீணாகல்ல மாமா” என்றாள்.

அடியில் எறும்பளவில் ஒரு சாவி மின்னியது. விரலை வைத்து அமுக்கினாள். எல்லா விளக்கும் வந்தன. “மக்களே” என்று ஜிஜியைக் கூப்பிட்டபடி நாற்காலியிலிருந்து எழுந்தார் மோகனன். எனக்கோ நெஞ்சு விரிந்து ரவிக்கை இறுகியது. அவள் படித்துப் பட்டம் வாங்கினவள் என்பதற்காக அல்ல. அடுப்பையும் காப்பாற்றி, அந்த மனிதனின் மனசையும் காப்பாற்றினாளே, அதற்காக.

வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்தன. பெண்வீட்டார் அடுக்களையை நிறைத்து நிற்க, பால் பொங்கியது. பொங்கி வழிந்ததும் அடுப்பு மறுபடி கூவியது. பால் பொங்குவதும் அதற்குப் பிடிக்காதாம்! ஜிஜி அசரவில்லை. துணியால் ஒரு துடை, சாவியில் ஒரு விரல், மறுபடி எரிந்தது. தாய்க்காரிக்குப் பிழை பிடிக்க நேரமே கிடைக்கவில்லை.

பாயசம் குடித்து முடித்தபின் கிருஷ்ணம்மா அடுப்பருகே வந்தாள். கண்ணாடியைத் தடவினாள். எதையோ தேடினாள். கிடைத்துவிட்டது.

“புதிய அடுப்பில்லியா? கோவில் சந்தனம் ஒரு பொட்டு வெச்சிருக்கலாம். எங்க வீட்டில அதெல்லாம் முடங்க விட மாட்டோம்.”

நேற்றைய விமலகுமாரியாக நான் இருந்திருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன், அடுப்பு கூவியதிலிருந்து ஆலீஸ் வீட்டுப் பூட்டு வரைக்கும் ஒன்றுவிடாமல். “வெச்சோம் அக்கா. அந்தப் பொட்டு அன்னா, அங்க நிக்கா பாருங்க. எனக்க மருமகளாக்கும்.”

கிருஷ்ணம்மா திரும்பி மகளின் நெற்றியைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. பிறகு கிட்டப்போய், உதிரவிருந்த ஒரு துணுக்கைத் தன் விரலால் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்க மகளாக்கும்” என்றாள்.

அந்த ஒரு வழக்கு மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.