வளையம் டீச்சர் வீட்டுக்காரர்

மருந்துக்கடைக்காரர் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார். "நீங்க வளையம் டீச்சரோட வீட்டுக்காரர்தானே? அவங்க வீடியோ பாத்தப்புறம்தான் பென்சீனே புரிஞ்சுதுன்னு என் பொண்ணு சொல்றா."

வாத்தியார் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். 'உங்க பெரியவ என்கிட்டதான் படிச்சா' என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு நடந்தார்.

அவர் மனைவி படித்ததும் வேதியியல்தான். கல்யாணமான புதிதில் அவளுடைய மேல்படிப்புத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர். பிள்ளைகள் தலையெடுக்கும்வரை வீட்டோடு இருந்தவள், போன வருடம் சாப்பாட்டறைச் சுவரில் வெள்ளைப் பலகையை மாட்டிக் கைபேசி முன் பாடம் நடத்தத் தொடங்கினாள். பென்சீன் வளையத்தை மட்டும் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அவர் வகுப்பில் கடைசி பெஞ்சு கொட்டாவி விடுகிற பாடம் அது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் அதை முதன்முறையாக முழுதும் பார்த்தார். ரசிக்க அல்ல, கல் பொறுக்க. நன்றாகத்தான் நடத்தினாள், அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்பதாவது நிமிடத்தில் கல் அகப்பட்டது. "மூணு இரட்டைப் பிணைப்பும் வேகவேகமா இடம் மாறிட்டே இருக்கும்" என்றாள்.

கீழே இறங்கி அடுப்படியில் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவர் வீடியோவுக்கு அடியில் பொய்ப் பெயரில் எழுதினார்: 'அடிப்படையே பிழை. எதுவும் இடம் மாறுவதில்லை. எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆறு பிணைப்பும் ஒரே நீளம். ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. தெரியாததை நடத்த வேண்டாம்.' அனுப்பிய பிறகு, நெடுநாள் கழித்து அவருக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் மாலை அவர் பள்ளியிலிருந்து வந்தபோது அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் தப்பக் காட்டியிருக்காரு. சரியாத்தான் சொல்றாரு. வீடியோவ நீக்கிட்டேன்."

"நாப்பதாயிரம் பேர் பாத்ததையா?"

"நாப்பதாயிரம் பேரும் தப்பால்ல படிச்சிருக்காங்க."

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் நீக்கியிருப்போமா என்ற கேள்விதான் வந்தது.

"ஒற்றையும் இல்ல, இரட்டையும் இல்லன்னு எழுதியிருக்காரு" என்றாள், திரும்பாமல். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இப்படியேதான் சொல்வாரு. நாந்தான் மறந்துட்டேன்." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அந்தக் கடைசி வரிய மட்டும் அவரு எழுதியிருக்க வேணாம்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுதுகோலை நீட்டினாள்.

"அந்த எடத்த நீங்களே நடத்துங்க. நான் படம் எடுக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதை வாங்கினார். பலகையில் அறுகோணத்தை வரைந்தார். பழகிய கை உள்ளே இரட்டைக்கோடு ஒன்றை இழுத்துவிட்டது. விரலால் அழித்தார், விரல் நுனி கறுத்தது. பரவிய எலக்ட்ரான்களுக்கு அடையாளமாக வளையத்துக்குள் வட்டம் போட எழுதுகோலை வைத்தவர், அப்படியே திரும்பிப் பார்த்தார். கைபேசி அவள் முகத்தை மறைத்திருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன, அசையாமல்.