இடது மூலையிலிருந்து ஒரு குரல்

"நிறுத்துங்க. அங்கதான். இப்பச் சொல்லு, பந்த யாருக்குப் போட்ட?"

"கூப்பிட்டவனுக்கு."

"கூப்பிட்டது யாரு?"

நேற்றைய கூடைப்பந்து ஆட்டத்தின் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். திரையில் நான் உறைந்து நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் கைகளை உயர்த்தி வழி மறித்திருந்தார்கள். அவர்களுடைய அக்குளுக்கு அடியில் பந்து அப்போதுதான் என் கையை விட்டுப் போயிருந்தது. அது போகிற திசையில், மைதானத்தின் இடது மூலையில், மஞ்சள் ஜெர்சி போட்ட ஒருவன் தனியாக நின்றான். கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

"நம்ம ஜெர்சி என்ன கலரு?" என்றார் மேனேஜர்.

"நீலம்."

"அவன் போட்டிருக்கிறது?"

"மஞ்சள்."

"பரவாயில்ல, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

வீடியோ ஓட்டுகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். கோச் சிரிக்கவில்லை. அவர் நேற்று மாலையிலிருந்தே யாரோடும் பேசவில்லை. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாலே போதும். நான் அதை எதிரணிக் கேப்டனின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். மூன்று புள்ளி. ஆட்டம் முடிகிற சங்கு ஊதிவிட்டது, ஒரு புள்ளியில் தோற்றோம்.

"பார்க்காமப் போட்டிருக்க," என்றார் கோச்.

"பார்க்காமத்தான் போடுவேன் சார். அதுக்குத்தானே என்னை வாங்கினீங்க?"

"வாய் மட்டும் குறையல," என்றார் மேனேஜர். "தம்பி, அவன் உன் பொண்டாட்டியோட அண்ணன். போன மாசம் வரைக்கும் நீ அவங்க ஆளு. வெளியில என்ன பேசுறாங்கன்னு என் வாயால வேற சொல்லணுமா?"

"சொல்லுங்க."

"மேட்ச்ச வித்துட்டான்னு பேசுறாங்க."

வீடியோக்காரர் எனக்காக ஒலியைக் கூட்டி மறுபடி ஓட்டிப் பார்த்தார். அரங்கத்தின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அதற்குள் ஒரு குரலைத் தேடுவது கடலுக்குள் ஒரு ஆளைத் தேடுவது போல.

"நாளைக்குச் சாயங்காலம் விசாரணைக் கமிட்டி," என்றார் மேனேஜர், எழுந்துகொண்டே. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வேணும்னே போட்டான்னு முடிவு பண்ணிட்டா, நாங்க இல்ல, எந்த கிளப்பும் உன்னைத் தொடாது. கூப்பிட்டான்னு நீ சொல்ற. 'ஆமா, கூப்பிட்டேன்'னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் கமிட்டிகிட்ட பேசிக்கிறேன். ஆனா நேத்து மைக்க நீட்டினப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமில்ல? 'பந்து வந்துச்சு, போட்டேன்'னான்."

கூடைப்பந்தைக் கண்ணால் ஆடுவதாக வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு பேர் மறித்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வியர்வை வழிகிற கைகள்தான். மிச்சத்தைக் காதுதான் பார்க்க வேண்டும். யாருடைய ஷூ எந்தப் பக்கம் கிறீச்சிடுகிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் கூப்பிடுகிறார்கள். குரல் வந்த இடத்துக்குப் பந்து போய்விடும். யோசித்தால் தாமதம். தாமதித்தால் பறித்துவிடுவார்கள். இத்தனை வருடப் பயிற்சியும் யோசிக்காமல் இருப்பதற்கான பயிற்சிதான்.

என் காதுக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்றுதான். கொக்கின் குரல். மூலையில் அசையாமல் காத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "மாப்ள" என்று மூக்கால் கூப்பிடுவான், கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான். அதை விழுங்கி முடிப்பதற்குள் பந்து அவன் கையில் இருக்கும். முதலில் எல்லா நண்பர்களையும் போல விளையாட்டுக்குத்தான் மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டேன். "கூப்பிட்டது வீணாப் போகக் கூடாதுல்ல," என்று அவன் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். மாப்பிள்ளையை வாடா போடா என்று பேசக் கூடாது என்று மாமியார் கண்டித்துவிட்டதால், வீட்டில் "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள" என்பான். மைதானத்தில் இறங்கியதும் "டேய்" திரும்பி வந்துவிடும். அந்த "டேய்"க்காகவே எனக்கு வீட்டைவிட மைதானம் பிடித்திருந்தது.

போன மாதம் ஒரு காலையில் கிளப் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். மாலையில் நான் வேறு ஊர் ஆட்டக்காரன். விற்பதற்கு முன்னால் பந்தைக் கேட்பதில்லை, எங்களையும் கேட்பதில்லை. புது ஊரில் கிளப் கொடுத்த வீட்டில் கட்டில் குட்டை. என் கால்கள் இரவெல்லாம் காற்றில் தொங்கின. புது அணியில் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், எல்லோரும் ஒரே மாதிரி "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். எந்த அண்ணே எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. பயிற்சி முடிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவர் குரலையும் படித்துக்கொண்டிருந்தேன். புது மொழியின் எழுத்துகளைக் கற்றுக்கொள்கிறவனைப் போல.

நேற்று பழைய மைதானத்தில், பழைய வளையத்துக்கு அடியில், பழைய மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தது. என் கைக்கு வேறென்ன தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முழங்காலில் ஐஸ் பையை வைத்துத் துணியால் கட்டினாள். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள்.

"என்ன?"

"அண்ணன் கூப்பிட்டது. எங்க வரிசை அந்த மூலைக்கு நேர் பின்னாடிதானே. கேட்டதும் நான் கை தட்டப் போயிட்டேங்க. பழையபடி ரெண்டு பேரும் ஒரே பக்கம்னு. அப்புறம்தான்..." அவள் முடிச்சை இறுக்கினாள். "அப்புறம்தான் உங்க முகத்தப் பார்த்தேன்."

"கமிட்டியில வந்து சொல்றியா?"

"ஒருத்தருக்குப் பொண்டாட்டி, இன்னொருத்தருக்குத் தங்கச்சி. என் பேச்ச யாரு எடுத்துக்குவா? அண்ணன்தான் சொல்லணும். நான் ஃபோன் பண்ணிக் கேட்டா எனக்காகச் சொல்லிடும். பண்ணட்டுமா?"

"வேணாம். நான் போறேன்."

"சண்டை போடாதீங்க."

"சண்டை எதுக்கு?" என்றேன். உண்மையில் எனக்குக் கோபமே இல்லை. வெட்கமாக இருந்தாலும், வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம்கூட உள்ளே இருந்தது. ஒரு நொடி நான் மறந்துபோனேன். அதே நொடி அவனும் மறந்திருக்கிறான். அத்தனை பேர் இரைச்சலுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும் யாருக்கும் தெரியாத ஓர் அணியில் ஆடிவிட்டோம். என் பிழைப்பே போனாலும் அது நடந்தது நடந்ததுதான். அன்றிரவு அந்த நினைப்பில் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

காலைப் பேருந்தில் பழைய ஊருக்குப் போய் இறங்கினேன். அரங்கத்தில் பெருக்குகிற அம்மா அகலமான துடைப்பானைத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தும் பாராதது போலப் போனாள். கொக்கு மூலையில் தனியாக எறிந்துகொண்டிருந்தான்.

"வாங்க மாப்ள," என்றான்.

மைதானத்தில் அவன் என்னை "வாங்க" என்றது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குப் போயிருக்கலாமே. அம்மா இருக்காங்க."

"சாயங்காலம் கமிட்டி. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்." பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். "முட்டி எப்படி இருக்கு?"

"அது கிடக்கட்டும். நீ கூப்பிட்டதானே?"

தட்டுவதை நிறுத்தினான். சுற்றிப் பார்த்தான். "ஆமா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தான் லூசுன்னு நினைச்சேன். உனக்கும் மறந்துடுச்சா? ரெண்டு பேரும் சேர்ந்து மானத்த வாங்கிட்டோம் போ. உன் தங்கச்சி கை தட்டப் போனாளாம்..."

அவன் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"மறக்கல, மாப்ள."

"பின்ன?"

"எங்க கோச்சோட யோசனை. கடைசியில மாட்டிக்கிட்டா நீ பார்க்க மாட்ட, என் குரலுக்குப் போட்டுடுவன்னு அவருக்குத் தெரியும். வாரம் பூரா அதுக்குப் பயிற்சி எடுத்தோம். புதுசா வந்த ஒருத்தன உன் எடத்துல நிறுத்தி, ரெண்டு பேரு மறிச்சு, நான் இங்கேருந்து..." அவன் நாடாவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதல்ல எனக்கு வாயே வரல. அவனப் பார்த்து மாப்ளன்னு கூப்பிட. கோச் கத்தினாரு. அப்புறம் பழகிடுச்சு."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். மெழுகு பூசிய தரை, வெள்ளைக் கோடு. ஒரு வாரம் முழுக்க அவன் இங்கே நின்று, யாரோ ஒருவனை என் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வாரம் நான் கண்ணை மூடி யார் யாருடைய குரலையோ படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா?" என்றேன்.

"தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. ராத்திரி ஃபோன் வந்துச்சு. அந்த ஷாட்டப் பார்த்துட்டுத்தான். ஒரு தடவகூட என்னைக் கூப்பிட்டதில்ல மாப்ள, உனக்குத் தெரியாதா? இனிமே வயசும் இல்ல." முதல்முறையாக நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "ஏமாத்தி வாங்கினேன்னு சொன்னா அதோட முடிஞ்சது. நீ போடாம இருந்திருக்கலாம்ல? திரும்பி ஒரு தடவ பார்த்திருக்கலாம்ல?"

என்னால் பார்த்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் திட்டமே போட்டிருந்தார்கள்.

துடைப்பான் எங்கள் பக்கமாக வந்து, காலடியைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. முழங்கால் விண் விண் என்று தெறித்தது. நானும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்து எத்தனையோ மாலைகளில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இப்போதும் அப்படியே தெரியும்.

"மச்சான்," என்றேன். "கமிட்டியில உன்னை ஃபோன்ல கேப்பாங்க. உங்க கோச்சப் பத்தி எதுவும் சொல்ல வேணாம். அந்தப் பயிற்சிய யாருக்கும் சொல்ல வேணாம், உன் தங்கச்சிக்கும்கூட. பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு, அவன் வேற டீம்னு எனக்கு ஒரு நிமிஷம் மறந்துபோச்சு, அப்படின்னு சொல்லிடு. அது ஏமாத்து இல்ல, யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க. அவ்வளவுதான் கேக்கிறேன். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லு, மச்சான்."