கீழ்ப்பாதி

அம்மாவின் விரல்களுக்கிடையே அண்ணி செருகியிருந்த தாளை இளையவள் மெல்ல உருவினாள். விரல்கள் விறைத்துப் போயிருந்தமையால் ஒரு மூலை கசங்கிற்று. வாசலில் வண்டி நின்றிருந்தது. தூக்க வந்த நால்வரும் கைகளைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தனர்.

“என்ன பண்றே நீ? அத்தை ஆசையா வச்சிருந்த லெட்டராச்சே, அவங்களோடயே போகட்டும்னுதானே வச்சேன்” என்றாள் அண்ணி.

“இது அம்மாவோடது இல்ல அண்ணி. திருப்பி அனுப்பணும்.”

“யாருக்கு?”

“சோடாபுட்டிக்கு.”

தூக்க வந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பது அவ்வீட்டு வழக்கம். இன்று எவரும் சிரிக்கவில்லை.

அம்மாவும் சோடாபுட்டியும் ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து இணைப்புக் கொடுத்தவர்கள். வேலை நேரத்தில் தமக்குள் பேசிக்கொள்ள அனுமதி கிடையாது. ஆகவே ஒருத்தி ஒரு தாளின் மேற்பாதியில் எழுதி முழங்கையால் தள்ளுவாள். மற்றவள் கீழ்ப்பாதியில் பதில் எழுதித் திருப்பித் தள்ளுவாள். தாள் தொடங்கியவளுக்கே சொந்தம். கீழ்ப்பாதி நிறைந்தபின் அது பதில் எழுதியவளிடம் மறுபடி வராது. திருமணமாகி வெவ்வேறு ஊர்களுக்குப் போன பின்னர், முழங்கை செய்த வேலையைத் தபால் செய்தது. தொலைபேசியை மட்டும் இருவரும் தொட்டதேயில்லை. “நாள் பூரா ஊரார் பேச்சுக்குக் கம்பி மாட்டினவங்க நாங்க. எங்களுக்குள்ளயும் போன்ல பேசினா, அதுவும் டியூட்டி மாதிரி ஆயிடும்” என்பாள் அம்மா. இப்பொழுது சோடாபுட்டிக்குக் காதும் கேட்பதில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபின், வாடகை நாற்காலியொன்றில் சாய்ந்தபடி அண்ணன் கைபேசியை எடுத்தான்.

“அவங்க மகன் நம்பர் எங்கிட்ட இருக்கு. ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது.”

“அவர் போய் அவங்க காதுல கத்தணும். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டு முடிச்ச பிறகுதான் அவங்களுக்குக் கேட்கும். வேணாம்ணா.”

“அதுக்காக? அம்மா உசிரோட இருக்கறதா நெனச்சுகிட்டு அவங்க நாலு நாள் இருக்கணுமா?”

அவள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டுமே” என்றாள்.

அண்ணன் கைபேசியைப் பைக்குள் வைத்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாலை வண்டிக்கே கிளம்ப வேண்டியிருந்தது.

“நீயும் எங்களோட வந்துடேன்.”

“கடை இருக்குண்ணா.”

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குக் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. அண்ணன் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்பதை அவளும் அறிவாள்.

அவர்கள் போனபின், பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் அடுப்பருகே நின்றபடியே ஒரு வாய் உண்டாள். பிறகு இடக்கையால் தாளை விரித்தாள். அம்மாவுக்கு வந்த கடிதம் எதையும் அவள் அதுவரை படித்ததில்லை.

எழுத்துக்கள் கட்டைவிரல் நகமளவு பெரிதாயிருந்தன. கண்ணாடியை மாற்றியே பல வருடங்கள் ஆகியிருக்கும் என்று அவள் கணித்துக்கொண்டாள்.

‘அடி குதிரை, என் பல்செட்டைப் பேரன் எங்கேயோ ஒளிச்சு வச்சுட்டான். பாலில் ஊறவச்ச ரொட்டியைத் தின்னுகிட்டு ராணி மாதிரி இருக்கேன். உன் சின்னவ இன்னும் அடுப்புப் பக்கத்துல நின்னுகிட்டேதான் சாப்பிடறாளா? பேச ஆளில்லாத வீட்டுலதான்டி அப்படிச் சாப்பிடுவாங்க. நீ எதுக்கு இருக்கே? உட்கார வச்சுப் பேச்சுக் கொடு.’

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

கீழ்ப்பாதியில், ‘அடி சோடாபுட்டி,’ என்று மட்டும் அம்மாவின் கை எழுதியிருந்தது. எழுத்துக்கள் சரிவில் இறங்கி, ஒரு காற்புள்ளியோடு நின்றுவிட்டிருந்தன. அதை எழுதிய அன்று பேனா அம்மாவின் விரல்களில் நிற்காமல் நழுவியதைக் கண்டு, “நீ சொல்லும்மா, நான் எழுதறேன்” என்று அவள் அருகில் போய் அமர்ந்தாள். அம்மா தாளைத் தலையணைக்கடியில் தள்ளிக்கொண்டாள். “ஆபரேட்டர் நடுவுல பேசக் கூடாதுடி.”

கையைக் கழுவிவிட்டு, கடையில் விலைச்சீட்டு எழுதும் தடித்த பேனாவை எடுத்து வந்தாள். ‘அடி’ என்பதை எப்படித் தொடர்வது? சோடாபுட்டியை அவள் நேரில் பார்த்ததில்லை; எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. அத்தை என்று நினைத்துப் பார்த்தாள். சித்தி என்றும். சோடாபுட்டி தன்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள் என்றும், அதைச் சொல்லியே ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள் என்றும் அம்மா குறைப்பட்டது நினைவுக்கு வந்தது.

அம்மாவின் எழுத்தை அடிக்காமல், அதன் கீழே, பெரிதாக எழுதினாள்:

‘பெரியம்மா,

அம்மா நேற்றுக் காலை இறந்துவிட்டாள். தூக்கத்திலேயே போனாள். கடைசியாக எழுதியது உங்கள் பெயரைத்தான்.

நான் இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன்.’

இன்னும் எழுத இடம் இருந்தது. அவள் எழுதவில்லை. கடைசி வரியின் கீழே குறுக்காக ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே, கீழ்ப்பாதி நிறையாமல், நான்கு விரல் அகலம் வெள்ளையாகக் கிடந்தது.

அடுப்படியிலிருந்த தட்டை எடுத்து வந்து மேசையின்மேல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மை காயும்வரை உண்டாள்.