ஆச்சு சொல்லாத சாயங்காலம்

அந்த நகரத்தில் ஒரு சாயங்காலம் பத்தொன்பது நாள் நீடித்தது. மேற்குக் கரைக் கிடங்குகளுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் சூரியன் நின்றுவிட்டது. எதிர்க்கரைக் கட்டடங்கள் பொன்னிறமாக அப்படியே இருந்தன, ஆற்றில் ஒரு சலனம் கிடையாது. நாற்பது வருடமாகத் தெற்கே சாய்ந்து கிடந்த மணிக்கூண்டு நிமிர்ந்துகொண்டது. நகராட்சிப் பொறியாளர் அதை அளந்து பார்த்து, சாய்வு எதுவும் இல்லை என்று கோப்பில் எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

இத்தனைக்கும் காரணம் பாஸ்போர்ட் சைஸ்காரர். மேற்குக் கரையில், பாலத்தடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருப்பது அவர் நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்த முகம்தான். யார் வந்தாலும் ஒரே பல்லவி: "தோள நிமிர்த்துங்க. தாடைய எறக்குங்க. கண்ண சிமிட்டாதீங்க. அப்படியே இருங்க." படம் மனதுக்குப் பிடித்தால் மட்டும் "ஆச்சு" என்பார். அதைச் சொல்லாதவரை யாரும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள். ஒரு நீதிபதியே முக்கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறார். எழுந்துபோன ஒரே ஆள் பாஸ்போர்ட் சைஸ்காரரின் மனைவி. கல்யாணமான இருபத்தாறாவது வருடத்தில் ஆசையாக ஒரு படம் எடுக்கிறேன் என்று உட்காரவைத்து, நாற்பத்தோரு தடவை எடுத்தார். ஒவ்வொன்றிலும் கண் மூடியிருந்தது, இல்லாவிட்டால் மூடப்போகிற மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டாவதுக்கு விளக்கை நகர்த்தினபோது அந்த அம்மாள் எழுந்து, "என்கிட்ட எப்பவும் ஏதாவது ஒரு கொறதான் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு எதிர்க்கரையில், ஏழாவது மாடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் ஆயிற்று. மனுஷருக்கு வீம்பு, போய்க் கூப்பிடவில்லை. ஆனால் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்கு ஏறி, அந்த வீட்டு ஜன்னல் எது என்று எண்ணிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி அவரிடம் அடுத்த வருடக் காலண்டருக்காக, ஆற்றங்கரையிலிருந்து நகரத்தை அந்திவெயிலில் எடுத்துத் தரச் சொன்னது. முகத்தைத் தவிர வேறெதையும் எடுத்துப் பழகாதவர். முக்காலியை நிறுத்திக் கேமராவில் கண்ணை வைத்ததும், பழக்க தோஷம், நகரத்தைப் பார்த்து அதே பல்லவியைச் சொல்லிவிட்டார். நகரமும் கேட்டுக்கொண்டது. வரிசையாக எல்லா ஜன்னலும் தகதகவென்று மின்ன, ஏழாவது மாடியில் ஒன்று மட்டும் மரக்கதவு சாத்திக் கிடந்தது. எத்தனை எடுத்தும் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. அது திறக்கட்டும் என்று நின்று நின்று கால் மரத்துப்போனதும், ஆச்சு சொல்லாமலேயே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அது நின்றுபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஊர் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. பத்திரிகை பத்தொன்பது இதழுக்கும் ஒரே தேதி போட்டது. பொழுது சாய்ந்ததும் வேலை முடியும் என்று ஒப்பந்தம் போட்டிருந்த கிடங்குத் தொழிலாளர்கள், பொழுது சாய்ந்ததா இல்லையா என்று மேலாளரோடு மல்லுக்கட்டினார்கள். தெருவிளக்கு போடுகிறவர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பல வருடமாகப் பாக்கி இருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கி முடித்தார். பாஸ்போர்ட் சைஸ்காரர் கடிகாரம் ஆறரை காட்டும்போதெல்லாம் கரைக்குப் போய் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார். அது திறக்கவில்லை. இனி அவள் வரவே மாட்டாளோ என்று பயந்தார்.

பத்தொன்பதாவது நாள் போன் வந்தது.

"நான்தான். ஆத்தங்கரையில படம் எடுத்தீங்களாமே. ஆச்சு சொன்னீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "சொல்லல."

"நெனச்சேன். எது கொற?"

"ஒரு ஜன்னல் சாத்தியிருக்கு."

 "வெயில் மூஞ்சிலயே அடிக்குது, எப்படித் தொறக்கறது? சரி, போய் நில்லுங்க" என்று குரல் வந்தது.

செருப்பு மாட்டக்கூட மறந்து ஓடினார். ஏழாவது மாடியில் மரக்கதவு திறந்தது. அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே தோளை நிமிர்த்தி, தாடையை இறக்கி நின்றார். பாஸ்போர்ட் சைஸ்காரர் எடுத்துவிட்டு, கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த அம்மாள் வெயிலுக்குக் கண்ணை இறுக்க மூடியிருந்தார். இவருடைய விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அக்கரையில் அந்தச் சின்ன உருவம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, அதோடு சேர்ந்து நகரம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"ஆச்சு" என்றார்.

சூரியன் கிடங்குகளுக்குப் பின்னால் விழுந்தது. ஆறு நெளிந்தது. மணிக்கூண்டு பழையபடி தெற்கே சாய்ந்துகொண்டது. பொறியாளர் கோப்பில் எழுதியதை அடித்துவிட்டார். கடைசிப் பேருந்தில் பையோடு வந்திறங்கிய அந்த அம்மாள் வாசலில் நின்றபடியே படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"கண்ணு மூடியிருக்கே. இன்னொண்ணு எடுத்திருக்கலாமே?"

"எதுக்கு? நல்லாத்தான இருக்க."

அவர் நிமிர்ந்து கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

காலண்டர் வந்தது, எல்லா வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஸ்டூடியோவில் இப்போது யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. அந்த நகரத்தின் புதிய அடையாள அட்டைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் கண் மூடியிருக்கும். அலுவலகங்களில் யாரும் எதுவும் கேட்காமல் முத்திரை குத்தித் தருகிறார்கள்.