இன்னும் தயாராகாத வண்டி

ஆஸ்திரேலியாவின் தென்பக்கம் இருக்கிற போர்ட் அகஸ்டாவில் ஜூன் மாதக் குளிர் இறங்கிவிட்டது. பாலைவனத்துக்குப் போகிற வண்டிகளெல்லாம் கூரையில் சாமான் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து நெவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தான். அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததுமே ரேலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன அது?”

“ஷவர். வண்டிக்குப் பக்கவாட்டுல மாட்டிக்கலாம். இன்ஜின் சூட்டுலயே தண்ணி காஞ்சிடும். நீ வெந்நீர்ல குளிக்கலாம், ரே.”

“பாலைவனத்துல.”

“பாலைவனத்துலதான்.”

“குடிக்கிற தண்ணியையே அளந்து எடுத்துட்டுப் போற எடத்துல எனக்கு வெந்நீர்க் குளியல். ராஜ வாழ்க்கைதான், போ.”

நெவில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருடமாக ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் காதை மூடிக்கொள்ளக் கை தேவையில்லை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கிற, மலையையும் மணலையும் மதிக்காத வண்டி. சிம்ப்சன் பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, அந்தப் பக்கம் பேர்ட்ஸ்வில் ஊரில் போய் இறங்க வேண்டும் என்றுதான் வாங்கினார்கள். முதல் குளிர்காலத்தில் முன்னால் இரும்பு பம்பர் வந்தது. அடுத்ததில் புதைந்தால் இழுக்கிற வின்ச். பிறகு கூரையில் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் மடக்குக் கூடாரம், பின்னால் இழுப்பறைகள், இழுப்பறைக்குள் நீட்டி மடக்குகிற சமையல் மேடை. ஒவ்வொரு குளிர்காலமும் நெவில் வண்டியைச் சுற்றி வந்து, உச்சுக்கொட்டி, “இன்னும் ரெடியாகலை. அடுத்த வருஷம்” என்பான். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது. ரேலீனும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இருந்துவிட்டாள்.

இந்த வருடம் அப்படி இருக்க முடியாது. அவளுடைய பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு போகிறது. கட்டம் போட்ட ஒரு தாளை டாக்டர் கொடுத்திருந்தார். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். இடது கண்ணில் நடுக்கோடுகள் நெளிய ஆரம்பித்துவிட்டன. வலது கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இப்போதைக்கு வண்டி ஓட்டலாம், ஆனால் அடுத்த குளிர்காலத்துக்குள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நெவிலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான். கேட்டுவிட்டு ஷவர் வாங்கி வந்திருக்கிறான்.

“நெவ், இந்த மாசம் கெளம்புறோம்.”

“பின்னாடி ஸ்பிரிங் தொங்கிப்போச்சு, பாத்தியா? பட்டறையில சொல்லி வெச்சிருக்கேன். கனமான ஸ்பிரிங் போட்டாத்தான் தாங்கும். செப்டம்பர்ல போட்டுத் தரேங்கிறான்.”

“செப்டம்பர்ல வெயில் ஏறிடும்.”

“அப்ப அடுத்த…” என்று தொடங்கியவன், அவள் பார்வையைக் கண்டு மீதியை விழுங்கினான்.

ரேலீன் சாவியை எடுத்தாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு நேராக ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போனாள். அங்கேதான் எடை மேடை இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த வண்டியை யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. நெவில் மட்டும் இல்லை, அந்தத் தெருவில் ஒருத்தனும் போட்டதில்லை. மாட்டத் தெரியும், மாட்டியதைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டத் தெரியும். சுமக்கிற வண்டியைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் ஷெரில் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“உள்ளே என்னடி இருக்கு, கல்லா?”

“நான் மட்டுந்தான். தண்ணி இல்ல, சோறு இல்ல, பெட்ரோல் பாதி டேங்க்.”

“அப்பவே வண்டி தாங்குற எடையைத் தாண்டிப்போச்சு, ரே. இதுல தண்ணியும் ஏத்தி உன் புருஷனையும் ஏத்துனா முதல் மணல்மேட்டுலயே அச்சு முறிஞ்சிடும். போலீஸ்காரன் பாத்தா அதுக்கு முன்னாடியே நிறுத்திடுவான்.”

ரேலீனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். எமனைக் கண்டு தப்பிக்க ஏறின வண்டிக்குள்ளேயே எமனை உட்கார்த்தி வைத்திருக்கிறான் மனுஷன்.

வீட்டில் நெவிலுக்கு இதுவும் வசதியாகப் போயிற்று. “பாத்தியா, நான் சொல்லலை? அதுக்குத்தான் கனமான ஸ்பிரிங்” என்றான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

“ஸ்பிரிங்கை மாத்த வேண்டாம். ஏத்துனதை இறக்குறேன்” என்று சொல்லிவிட்டு ரேலீன் ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

முதலில் கூரைக்கூடாரம். அது தரையில் விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு க்ளிஃப் பீர் கேனோடு வந்து நின்றான். பாலைவனத்துக்குப் பலமுறை போய் வந்தவன், அந்தத் தெருவுக்கே தலைமை ஆலோசகன். நெவில் மாட்டிய சாமானில் பாதி அவன் சொல்லி மாட்டியதுதான்.

“அதைக் கழட்டிட்டு எங்கம்மா தூங்குவ?”

“தரையில. கித்தான் படுக்கை இருக்கு.”

“பாம்பு வரும்.”

“குளிர்ல அதுவும் தூங்கும். உனக்குத்தான் தூக்கம் வரலை போலிருக்கு. இந்தச் சட்டத்தோட அந்த முனையைக் கொஞ்சம் பிடி.”

க்ளிஃப் பிடித்தான். பிடித்தபிறகுதான் தான் எந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. கூரைச் சட்டம் இறங்கியது, சமையல் மேடை இறங்கியது, இழுப்பறைகள் இறங்கின, இரண்டாவது ஃபிரிட்ஜும் இறங்கியது. ஆமாம், இரண்டாவது. ஷவர் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

ரேலீன் முட்டாள் இல்லை. தண்ணீர் டிரம்களைத் தொடவில்லை. மாற்று டயர், பஞ்சர் ஒட்டுகிற சாமான், காற்றடிக்கிற பம்பு, மண்வெட்டி, இழுவைப் பட்டை, சேட்டிலைட் போன், ரேடியோ எல்லாவற்றையும் தனியாக ஒரு பக்கம் அடுக்கி வைத்தாள். மணல்மேட்டின் அந்தப்பக்கம் ஏறுகிறவனுக்கு நாம் வருவது தெரிவதற்காக முன்னால் கட்டுகிற ஆரஞ்சுக் கொடியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

வின்ச்சின் போல்ட்டில் அவள் ஸ்பேனரை வைத்ததும் நெவில் குறுக்கே வந்து நின்றான்.

“அதைத் தொடாதே.”

“புதைஞ்சா மண்வெட்டி இருக்கு. காத்தை எறக்கிட்டுத் தோண்டுனா வெளிய வந்துடும். மணல்ல வின்ச்சைக் கட்டி இழுக்க அங்க மரமா நிக்குது?”

“தொடாதேன்னா தொடாதே.”

“ஏன்?”

“நட்டநடு மணல்ல திடீர்னு உனக்குக் கண்ணு தெரியாமப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” அவன் வின்ச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “முதல் வருஷத்துலேருந்தே இதே பயந்தான், ஏதாவது ஒண்ணு குறைஞ்சு, அதனால உனக்கு ஒண்ணு ஆயிட்டா? யாரைக் கூப்பிடுவேன், சொல்லு.”

க்ளிஃப் தன் பீர் கேனைப் பார்த்துக்கொண்டு மெல்ல வீட்டுக்கு நடந்தான்.

இத்தனை பெட்டிகளும் எதற்காக வந்தன என்று ரேலீனுக்கு அப்போதுதான் புரிந்தது. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் இன்னொரு வருடம் போய்விடும் என்பதும் தெரிந்தது. ஸ்பேனரை அவள் கீழே வைக்கவில்லை.

“போச்சுன்னா போகட்டும். இங்கே இருந்தாலும் போகத்தான் போகுது. நான் கடைசியா பாத்தது இந்த ஷெட்டா இருக்கணுமா, நெவ்? இந்தத் தகரமா?”

நெவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷெட்டின் மூலையில் போய் நின்றான். பிறகு, அந்த போல்ட்டைக் கழற்ற நீளமான ஸ்பேனர் வேண்டும் என்று சொல்லி, எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். கழற்ற மட்டும் உதவவில்லை. அவனுக்கும் ரோஷம் உண்டு.

அந்த வாரக் கடைசியில் தண்ணீர், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் ஏற்றி, நெவிலையும் ஏற்றிக்கொண்டு மறுபடி எடை மேடைக்குப் போனார்கள். முழுச் சுமையோடு எடை போட்டால்தான் சரியாகத் தெரியும் என்று ரேலீன் சொன்னாள். நெவிலும் அதை மறுக்கவில்லை. மறுபடியும் தாண்டிவிடும் என்று உள்ளூர ஒரு நப்பாசை.

ஷெரில் கூண்டிலிருந்து தலையை நீட்டினாள். “பரவாயில்லையே. இன்னும் ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏத்தலாம். இல்லாட்டி க்ளிஃப்பை ஏத்திக்கோ.”

“உருளைக்கிழங்காவது வாயை மூடிக்கிட்டு வரும்” என்றாள் ரேலீன்.

கிடங்கு வாசலில் இடப்பக்கம் திரும்பினால் வீடு. ரேலீன் வலப்பக்கம் திருப்பினாள்.

“வீடு அந்தப் பக்கம்” என்றான் நெவில்.

“தெரியும்.”

“ரே.”

“வீட்டைப் பூட்டிட்டேன். நாயைக் க்ளிஃப் வீட்டுல விட்டாச்சு. உன் பிரஷர் மாத்திரை முன்னாடி பெட்டியில இருக்கு. நாம போற பாதையைப் போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். வேற என்ன?”

வேறு என்ன இருக்கிறது என்று நெவில் யோசித்துப் பார்த்தான். நெடுஞ்சாலைப் பலகை கடந்து போயிற்று. உப்புப் புதர்கள் தொடங்கின. எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பயம் மட்டும் இருந்தது. அதை இறக்கி வைக்க ஷெட் பின்னால் தூரமாகப் போய்விட்டது.

“நான் ஓட்டட்டுமா?” என்று கடைசியில் கேட்டான்.

ரேலீன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தூரத்து மலைகளின் ஒவ்வொரு மடிப்பையும் அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷத்துலேருந்து சாகுற வரைக்கும் நீதான் ஓட்டப்போற” என்றாள். “இப்ப கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காரு.”

நெவில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.