மூன்றாவது வரிசை டைல்

குழாயைத் திருகியதும் காற்றுதான் சீறியது. பிராங்க்ளின் குளியலறைக் குழாயையும் திறந்து பார்த்தான். அங்கேயும் தண்ணீர் இல்லை.

கூடத்தில் அப்பா பிலோமின்ராஜ் பெஞ்சில் கிடந்தார். காலையில் காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், டம்ளர் வருவதற்குள் போய்விட்டார். நாலு மணிக்குச் சாமியார் ஜெபத்துக்கு வருகிறார். அதற்குள் குளிப்பாட்டியாக வேண்டும்.

"எங்க வீட்லேருந்து ரெண்டு குடம் கொண்டாரேங்க" என்றார் பக்கத்து வீட்டு ஜெயக்குமார்.

"வேணாங்க" என்றாள் அம்மா இருதயமேரி. "முப்பத்தஞ்சு வருஷம் கம்பெனில பைப்பு மாட்டுன மனுஷன். கடைசிக் குளியலுக்கு இரவல் தண்ணியா? டேய், ஒட்டு காயட்டும்னு நேத்து மெயின் வால்வ மூடுனாரே, அது எங்கடா?"

மூன்று வாரமாக அப்பாவும் மகனும்தான் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றதற்கு, "எனக்கு மேல எவன்டா வந்து கிழிக்கப் போறான்?" என்றார் அப்பா. முதல் நாளே டிரில் போட்டுப் பழைய பைப்பில் ஓட்டை போட்டார். மறுவாரம் கடப்பாக்கல்லின் மூலை உடைந்தது. ஆனாலும் டைல் வரிசைகள் மட்டம் பிசகாமல் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

நேற்று சாயங்காலம், சுவர்ப் பள்ளத்துக்குள் இருந்த வால்வின் மேல் அவர் முழு டைலை ஒட்டினார். அதற்கென்று நடுவில் வட்டமாக வெட்டி வைத்திருந்த டைலை மறந்துவிட்டார். கலவை பிசைந்துகொண்டிருந்த பிராங்க்ளின் அதைப் பார்த்தான். சொல்ல வாயெடுத்தான்.

"கலவையாடா இது? இன்ஜினியருக்குப் படிச்சுட்டு கஞ்சி காய்ச்சுறான்" என்றார் அப்பா.

காலையில் தண்ணீர் வராதபோது தெரியட்டும் என்று விட்டுவிட்டான்.

இப்போது சுத்தியலும் உளியும் எடுத்துச் சமையலறைக்குப் போனான். அம்மா பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். மூன்றாவது வரிசை, ஜன்னலிலிருந்து நாலாவது டைல். கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான்.

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உளியை ஒரு டைல் தள்ளி வைத்தான்.

அப்பா ஒட்டியது லேசில் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு துண்டு துண்டாக உதிர்ந்தது. உள்ளே கலவை பூசும் கரண்டியின் பல்கோடுகள் பதிந்த சிமெண்ட் மட்டும்.

"இங்க இல்லம்மா."

அடுத்த டைல் ஒரே அடியில் உடைந்தது. சிவப்புக் கைப்பிடியைத் திருகினான். குளியலறை வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

குளிப்பாட்டும்போது அப்பாவின் நகக்கண்களில் சிமெண்ட் இருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் அம்மா சமையலறையைக் கூட்டினாள். சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாலிருந்து வட்டம் வெட்டிய டைலை எடுத்து மேடையில் வைத்தாள். சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாள்.

"அவரு ஒட்டுறப்பவே பாத்தியா?"

"ம்."

"பாத்துட்டு அந்தப் பக்கத்து டைல எதுக்குடா உடைச்ச?"

அவன் குனிந்து சிமெண்ட் மூட்டையின் வாயைப் பிரித்தான். வெளியே பால்காரர் மணி அடித்தார். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கலவையக் கெட்டியாப் பிசை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெட்டியாகவே பிசைந்தான். வட்டம் வெட்டிய டைல் வால்வின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடி நடுவில் நின்றது. பக்கத்து ஓட்டைக்காக டைல் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். வைக்கோல்தான் விழுந்தது.

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தான். வரிசையில் அந்த ஒரு சதுரத்தில் மட்டும் பல்கோடுகள் தெரிந்தன.