சிவப்பு ஸ்வெட்டர்

சுச்சாவா நகரத்துப் புகைப்படக் குழுவில் சபின் சேர்ந்தது பிப்ரவரியில். அம்மா இறந்ததிலிருந்து அறையே கதியென்று கிடந்தவனை, தங்கைதான் கையில் கேமராவைக் கொடுத்து விரட்டினாள். யாக்கொபேனி ஊரில் தனியாக இருந்த அம்மாவுக்கு ஞாபக மறதி முற்றத் தொடங்கியிருந்தது. ஜனவரியில், பாதிரியார் ஆற்றுத் தண்ணீரை மந்திரிக்கும் பண்டிகையன்று, கோட்டுகூடப் போடாமல் வீட்டைவிட்டு இறங்கிவிட்டாள். இருட்டின பிறகுதான் ஆற்றங்கரைப் பனியில் உடலைக் கண்டெடுத்தார்கள். குழுவில் யாரிடமும் சபின் இதைச் சொல்லவில்லை.

அன்று தித்துஸின் முறை. ஓய்வுபெற்ற பல் டாக்டர். எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தன் படத்தைத் திரையில் போட்டார். உறைந்த ஆறு, வெள்ளைக் கரை, நடுவில் முதுகைக் காட்டியபடி ஒரு பெண். சிவப்பு ஸ்வெட்டர்.

"நட்ட நடுவுல நிறுத்திட்டீங்களே டாக்டர், பாஸ்போர்ட் போட்டோவா?" என்றான் ஹொரியா. "வலது ஓரத்துக்குத் தள்ளணும்."

"போடா, உனக்கு எல்லாத்தையும் ஓரத்துல தள்ளியாகணும்," என்றாள் கொர்னெலியா. "நடுவுல நிக்கறதாலதான் அந்தம்மா திக்குத் தெரியாம நிக்கற மாதிரி இருக்கு."

திரையில் அந்த ஸ்வெட்டரின் முழங்கையில் சாம்பல் நிற நூல் ஒட்டு. தங்கை தைத்தது. சபின் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"எங்க எடுத்தீங்க டாக்டர்?"

"யாக்கொபேனி பாலத்துக்கிட்ட. பண்டிகையன்னிக்குக் காலைல."

"அவங்க... அங்கேயே நின்னாங்களா?"

"அதான் தம்பி என் அதிர்ஷ்டம்! லென்ஸ் மாத்தி முடிக்கிற வரைக்கும் அசையல. அப்புறம் திரும்பி என்னவோ கேட்டாங்க, தூரத்துல காதுல விழல. கையாட்டினேன். அவங்களும் ஆட்டினாங்க."

அது என் அம்மா என்று சபினுக்கு வாய்வரை வந்தது. வந்து என்ன செய்ய? ஊர்க்காரி ஒருத்தி ஆற்றைப் பார்த்து நிற்கிறாள் என்றுதான் எவனும் நினைப்பான். இந்த மனுஷருக்கும் சேர்த்துத் தூக்கம் போவதுதான் மிச்சம்.

"புதுசா வந்தவர் படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்றான் ஹொரியா. "நீங்க சொல்லுங்க. தள்ளலாமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அந்தக் குரல் ஹொரியா காதில் ஏறவில்லை. கணினியில் ஓரத்தை இழுத்துப் படத்தை வெட்டிக் காட்டினான். அம்மா வலது விளிம்புக்குப் போனாள். "இப்பப் பாருங்க!" கொர்னெலியாகூட ஒப்புக்கொண்டாள். வசந்தகாலக் கண்காட்சிக்கு இதையே அனுப்புவதென்று கைகள் உயர்ந்தன. எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் சபினும் கையைத் தூக்கினான்.

படியிறங்கும்போது தித்துஸைப் பிடித்தான். "டாக்டர், எனக்கு ஒரு பிரதி வேணும். வெட்டாதது."

கிழவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அவ்வளவு பிடிச்சிருக்கா? பெரிசாப் போட்டு, சட்டம் போட்டே தர்றேன் தம்பி!" என்று அவன் தோளை அணைத்துக்கொண்டார்.

சபின் நன்றி சொன்னான்.